பட்டான் கல்லுக்கு ஊர் பட்ட கடன்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் கொல்லை மேட்டிலும் புளியமரத்தடியிலும் நிற்கிற பழைய நடுகற்களில் பல, ஏறத்தாழ ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்ன ஊர் மந்தையைப் பகைவர் ஓட்டிக்கொண்டு போனபோது, அதை மீட்டு இன்னான் மாண்டான். இது அவன் கல். எழுத்தில் அது "தொறு மீட்டுப் பட்டான் கல்" என்று முடியும். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் போரில் விழுந்தான்.

அவன் காத்தது அரண்மனையை அல்ல, ஊர் மாடுகளை. வானம் பார்த்த இந்த மேட்டு நிலத்தில் உழவும் எருவும் பாலும் மாட்டிலிருந்துதான் வந்தன. மந்தை போனால் அடுத்த பருவத்தில் ஏர் பூட்ட வழியில்லை. எனவே மந்தைக்குப் பின்னால் வில்லோடு ஓடியவன் மொத்த ஊரின் அடுத்த ஆண்டுச் சோற்றுக்காக ஓடினான். மேய்ச்சல் காட்டில் நடந்த, இருபது முப்பது பேர் மோதிய சண்டையாகக்கூட அது இருந்திருக்கலாம். வரலாற்றுப் பாடநூலில் அதற்கு இடமில்லை. ஊர் மட்டும் அதைக் கல்லில் எழுதி வைத்தது.

எழுதியதோடு ஊர் நிற்கவில்லை. போரில் மாண்டவன் குடும்பத்துக்கு நிலம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். கன்னடம் வழங்கிய பகுதிகளில் நெத்தரு கொடகெ என்றார்கள். ரத்தம் சிந்தியவனுக்கு ஊரும் தலைவனும் கொடுத்த ஈடு அது. டிசம்பர் 7 அன்று கொடிநாள் நிதிக்கு நாம் உண்டியலில் போடுகிற பணமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அந்த நாள் 1949 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. உயிரிழந்த, ஊனமுற்ற படைவீரர்களின் குடும்பங்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் அந்த நிதி போகிறது. ஆக, நடுகல்லை வெறும் வீரத்தின் சின்னமாகப் பார்ப்பது பாதிப் பார்வை. அது இருதரப்புக் கணக்கு. ஒருவன் தன் கடமையைச் செய்தான், ஊர் தன் கடமையைச் செய்தது. இரண்டுக்கும் கல் சாட்சி. இன்று அவன் பக்கத்துக் கணக்கு முடிந்துவிட்டது. நம் பக்கத்துக் கணக்கு அந்தக் கல் நிற்கிறவரை திறந்தே இருக்கிறது.

தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி, மண்ணில் இதைச் சொல்வதற்குக் கூடுதல் காரணம் உண்டு. இங்கிருந்து ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், அவனுக்கு நட்ட கல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள்ளை வார்க்கிறார்கள். நாடே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானோ என்று அவர் கேட்கிறார். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. அகநானூற்றில் ஒரு பாட்டு இன்னும் கூர்மையானது. அம்பு தீட்டித் தீட்டி நடுகல்லின் பக்கம் தேய்ந்துபோய், வழிப்போக்கர் எழுத்தைச் சேர்த்துப் படிக்க முடியாமல் நிற்கிறது அதில். கல் அழிகிற கவலை அவ்வளவு பழையது. இன்றும் அரிவாள் தீட்டிய வழவழப்பான குழிகள் பல கற்களின் ஓரத்தில் உண்டு.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த, தமிழ்-பிராமி என்னும் மிகப் பழைய எழுத்துள்ள நடுகற்களில் ஒன்றும் மாட்டு மந்தைச் சண்டையில், ஆகோளில், மாண்டவனுக்கு நட்டதுதான். நம் பக்கத்தில் பல்லவர் காலத்து வட்டெழுத்துக் (வளைவான பழைய தமிழ் எழுத்து) கற்கள் தொடங்கி, கங்கர், நுளம்பர், சோழர், ஒய்சளர், விசயநகர் காலம் என்று ஆயிரம் ஆண்டுக்கு மேல் இந்த வழக்கம் ஓடுகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் எழுத்து கன்னடமாகவும் தெலுங்காகவும் மாறும்; சிற்பமும் மாறும். பழைய தமிழ்க் கல்லில் ஒரே பரப்பில் வீரன் இருப்பான். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், காலருகே கெண்டி அல்லது சிமிழ், சிலவற்றில் மாடுகள், சிலவற்றில் உடலில் தைத்த அம்புகள். எழுத்து தலைக்கு மேலோ பக்கவாட்டிலோ ஓடும். ஒய்சளர் பாணிக் கல் மூன்று அடுக்கு: கீழே சண்டை, நடுவில் வீரனைத் தேவமகளிர் ஏந்திச் செல்வது, மேலே இறைவன் முன்னால் அவன் அமர்ந்திருப்பது. புலியோடு மோதி இறந்தவனுக்குப் புலிக்குத்திக்கல். உடன்கட்டை ஏறிய பெண்ணுக்குச் சதிக்கல். அதில் மடக்கி உயர்த்திய கை தனியாகத் தெரியும். இவற்றை ஒன்றோடொன்று குழப்பாமல் பதிவது முதல் வேலை.

இந்தக் கற்கள் இத்தனை நாள் தப்பியதற்குப் பெரிய காரணம் வழிபாடு. இரண்டு மாவட்டங்களிலும் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற ஊர்த் தெய்வமாக நிற்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை பொங்கலிட்டு, கிடா வெட்டுகிற ஊரில் அந்தக் கல்லை எவரும் பெயர்க்கத் துணிவதில்லை. ஆகவே "தொல்பொருளுக்குப் பூசை செய்யாதீர்கள்" என்று ஊரில் போய் நிற்பது அறிவீனம் மட்டுமல்ல, நன்றிகெட்ட செயலும்கூட. பூசை கல்லைக் காக்கிறது, பூசைப் பொருள்களில் சில கல்லைத் தின்கின்றன. பேச வேண்டியது அந்தச் சிலவற்றைப் பற்றித்தான்.

எண்ணெய் முதலாவது. ஆண்டுக்கணக்கில் ஊற்றிய எண்ணெயும் விளக்குப் புகையும் தூசியும் சேர்ந்து கறுத்த மேலோடாக இறுகி எழுத்துப் பள்ளத்தை நிரப்பிவிடும். அதைக் கத்தியால் சுரண்டினால் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போகும். நெருப்பு இரண்டாவது. கருங்கல்லில் பல கனிமங்கள் உண்டு, சூட்டில் ஒவ்வொன்றும் வேறு அளவில் விரியும். கல்லின் அடியிலேயே கற்பூரமோ சருகோ எரியும்போது மேல்பரப்பு மட்டும் சூடேறி, பிறகு தண்ணீர் ஊற்றும்போது சட்டென்று குளிர்ந்து, வெங்காயத் தோல்போலப் படலமாகக் கழன்று விழும். வீரனின் கால் பகுதி மட்டும் சிதைந்த கல்லைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். மூன்றாவது எனாமல் பெயின்ட். பெயின்ட் பூசிய கல்லில் மண்ணிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, உப்பு பூத்து, பெயின்ட்டோடு கல்லின் தோலையும் தள்ளிவிடும். இந்த மூன்றோடு ஒப்பிட்டால் சுண்ணாம்பு அடிப்பதால் வரும் கேடு குறைவு.

பூசாரியிடம் கேட்க வேண்டியவை எளியவை. எண்ணெய் ஊற்ற நடுகல்லுக்கு முன்னால் ஒரு சிறு பலிக்கல் வைக்கலாம். விளக்கையும் கற்பூரத்தையும் 3 அடி தள்ளி ஒரு மேடையில் ஏற்றலாம். மஞ்சள், குங்குமத்தை நெற்றியில் மட்டும் இடலாம், எழுத்தின் மேல் பூச வேண்டாம். வண்ணம் தீட்டியே ஆக வேண்டுமென்றால் கல்லை விட்டுவிட்டுச் சுற்றுச்சுவருக்குத் தீட்டலாம். இதைச் சொல்லும்போது கல்லில் இருக்கிற பெயரைப் படித்துச் சொன்னால் பேச்சு எளிதாகும். தாங்கள் கும்பிடுகிறவர் பெயரோடு வாழ்ந்த ஒரு ஆள் என்று தெரிந்தபின் அந்த எழுத்தை மறைக்க யாருக்கும் மனம் வராது.

வழிபாடு இல்லாத கல்லுக்கு ஆபத்து வேறு மாதிரி. சாலை அகலப்படுத்தும்போது மண்ணோடு அள்ளப்படுகிறது. ஓடைக்குக் குறுக்கே பலகைக்கல்லாகிறது. துணி துவைக்கும் கல்லாகிறது. கொடுமை என்னவென்றால், கல்லுக்கு அடியில் புதையல் இருக்கும் என்று நம்பி இரவில் தோண்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நடுகல்லில் உள்ளது ஒரு சாவின் பதிவு, புதையலின் அடையாளம் அல்ல. இதை ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒரு கல்லை முதன்முறை பார்க்கிறவர் செய்ய வேண்டியது படம் எடுப்பதும் அளப்பதும்தான். சுத்தம் செய்வது அல்ல. சேறு மட்டும் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷும் போதும். கம்பி பிரஷ், சோப்புத்தூள், ஆசிட் எதுவும் கூடாது. வெள்ளை, சாம்பல், ஆரஞ்சு நிறத்தில் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும் கற்பாசியை அப்படியே விடுங்கள். அது கல்லின் துகள்களுக்குள் ஊன்றியிருக்கும், பிய்த்தால் கல்லோடுதான் வரும். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. சாக்பீஸ் காட்டுவது போட்டவர் படித்த எழுத்தை. கல்லில் உள்ள எழுத்தை அல்ல. வட்டெழுத்தில் ஒரு வளைவு கூடினாலும் குறைந்தாலும் பெயரே மாறிவிடும், ஆட்சியாண்டு மாறினால் காலமே மாறிவிடும். அந்தப் படம் ஒரு முறை பரவிவிட்டால் தவறான பாடத்தைத் திருத்துவது பெரும்பாடு.

எழுத்தைக் காட்டுவது சாய்வொளி. இருட்டிய பிறகு, ஒரு டார்ச்சைக் கல்லின் பரப்போடு 10 முதல் 15 பாகை சாய்வில், பக்கவாட்டிலிருந்து பிடித்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் நிழல் விழும். நேர் எதிரே பிடித்தாலோ கேமரா ஃபிளாஷ் போட்டாலோ நிழல் போய் எழுத்தும் போய்விடும். போனை ஸ்டாண்டில் பொருத்தி, 3 நொடி டைமர் வைத்து, டார்ச்சைக் கடிகார முள்போல எட்டுத் திசையில் மாற்றி மாற்றி எட்டுப் படம் எடுங்கள். கேமரா அசையக் கூடாது. மேலிருந்து வரும் ஒளியில் கிடைமட்டக் கோடுகளும், பக்கத்திலிருந்து வரும் ஒளியில் நெடுக்குக் கோடுகளும் நன்றாகத் தெரியும்; எட்டையும் அடுக்கிப் பார்த்தால்தான் முழு எழுத்து கிடைக்கும். படத்துக்குள் ஒரு அளவுகோல் கட்டாயம் இருக்க வேண்டும்.

இரவில் போக முடியாத இடமென்றால் வெயிலைப் பயன்படுத்தலாம். கிழக்கு பார்த்த கல்லுக்கு 11.30 மணியிலிருந்து 12.15 வரை சூரியன் பரப்பைத் தடவிச் செல்லும். மேற்கு பார்த்ததற்கு 12.30 முதல் 1.15 வரை. நம் மாவட்டங்களில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 12.15-க்கு என்பதால் இந்தக் கணக்கு. வடக்கு பார்த்த கல்லுக்கு ஆண்டில் பாதி நாள் நேர் வெயிலே படாது. மே முதல் ஜூலை வரை காலையிலும் மாலையிலும் நல்ல ஒளி கிடைக்கும். காத்திருக்க நேரமில்லையென்றால் ஒருவர் கல்லுக்குக் குடைபிடித்து நிழலாக்க, இன்னொருவர் தள்ளி நின்று முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பலாம். பழகிவிட்டால் டார்ச்சைவிட இது மேல்.

மைப்படி, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுப்பது, அடுத்த நிலை. பயிற்சி பெற்றவர் உடனிருக்கும்போது மட்டும் செய்ய வேண்டியது அது. பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் தொல்லியல் துறையின் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. முறை இதுதான். கல்லை நனைத்துத் துடைத்து, தண்ணீரில் ஊறிய தடித்த மேப்லித்தோ தாளை மேலே பரப்புவார்கள். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பிரஷால் தட்டித் தட்டி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றித் தாளை எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். கல் பெரிதென்றால் தாள்களை 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டுவார்கள். தாள் பாதி காய்ந்து, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரிகிற பக்குவத்தில், விளக்குக்கரி மையைத் துணிப்பந்தில் தொட்டு, முதலில் வேறொரு தாளில் ஒற்றிப் பார்த்துவிட்டு, மெல்ல மெல்ல இரண்டு மூன்று முறை ஒற்றுவார்கள். மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். தாள் ஈரமாக இருக்கும்போதே ஒற்றினால் மை பரவி எழுத்து அடைபடும். அதைவிட மோசம், மை தாளைத் தாண்டிக் கல்லில் இறங்கிக் கறையாக நின்றுவிடும். உச்சி வெயிலில் தாள் ஓரத்திலிருந்து சுருண்டு கழன்றுவிடும். ஆடி மாதக் காற்றில் இந்த வேலையை எடுக்கவே வேண்டாம். உரித்தவுடன் தாளின் பின்புறம் ஊர், தேதி, கல்லின் அடையாளம் எழுதிவிட வேண்டும். சுருட்டி வீட்டுக்கு வந்தபின் எழுதலாம் என்று விட்ட மைப்படி எந்த ஊருடையது என்று தெரியாமல் போகும்.

குறிப்பேட்டில் இருக்க வேண்டியவை: ஊர், வட்டம், சர்வே எண், ஜிபிஎஸ் புள்ளி, கல்லின் உயரம், அகலம், கனம், எந்தத் திசை பார்த்து நிற்கிறது, எழுத்து எத்தனை வரி, ஊரார் அதை என்ன பெயரில் அழைக்கிறார்கள், எப்போது கும்பிடுகிறார்கள். கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். கல்லில் எழுத்தே இல்லாதபோது ஊரார் சொல்கிற பெயர்தான் ஒரே சான்று.

படிக்கும்போது தொடக்கத்தையும் முடிவையும் முதலில் பிடியுங்கள். "கோவிசைய" என்று தொடங்கினால் அடுத்து அரசன் பெயர் வரும். மகேந்திரவர்மன் "மயேந்திரபருமன்" ஆகியிருப்பான். பிறகு யாண்டு, பிறகு ஊரும் தலைவனும், பிறகு மாண்டவன் பெயர், முடிவில் பட்டான், கல். வட்டெழுத்தில் பல இடங்களில் புள்ளி இருக்காது என்பதால் மெய்யா உயிர்மெய்யா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஐயமான எழுத்தை அடைப்புக்குறிக்குள் இடுங்கள். ஊகத்தை உறுதியாக எழுத வேண்டாம்.

கல்லில் இல்லாத சாதியை அறிவிப்புப் பலகையில் எழுதுவது இப்போது ஊர் ஊராகப் பரவுகிறது. இதைக் கடுமையாகவே சொல்ல வேண்டும். ஊர் மந்தைக்காகச் செத்தவனை ஊரின் ஒரு தெருவுக்கு மட்டும் உரியவனாக்குவது அவன் செய்த காரியத்துக்கே எதிரானது. பலகையில் கல்லில் உள்ளபடி அவன் பெயர், அரசன், காலம், எதற்காக மாண்டான் என்பது போதும். அந்தப் பலகையையும் கல்லில் ஆணியடித்தோ சிமென்ட் வைத்தோ ஒட்டாமல், 1 மீட்டர் தள்ளி நட வேண்டும்.

சாய்ந்த கல்லை நிமிர்த்துவதில்தான் நல்லெண்ணத்தால் அதிகக் கேடு நடக்கிறது. 1.2 மீட்டர் உயரம், 80 செ.மீ. அகலம், 15 செ.மீ. கனமுள்ள கருங்கல் ஏறத்தாழ 390 கிலோ இருக்கும். கன மீட்டருக்கு 2.7 டன் என்பது கணக்கு. நான்கு இளைஞர்கள் தூக்கிப் பாதியில் நழுவவிட்டால் பழைய விரிசல் இரண்டாகப் பிளக்கும். ஜேசிபி பக்கெட்டில் சங்கிலி கட்டி இழுத்தால் சங்கிலி எழுத்தின் மேல் உரசும். தொல்லியல் துறையினர் முன்னிலையில், அகலமான பெல்ட்டும் சாக்கும் கொடுத்து, சிற்பமுள்ள முகம் மேலே வரும்படி மணல் மூட்டையில் கிடத்த வேண்டும். நடும்போது முன்பு பார்த்த திசையையே பார்க்க வேண்டும். குழி 45 செ.மீ., அடியில் 10 செ.மீ. சரளை, பிறகு மண்ணும் சரளையும் 15 செ.மீ. அடுக்காகக் கெட்டித்து, மழைநீர் வெளியே ஓடும்படி சரிவு. சிமென்ட் மேடை கட்டி டைல்ஸ் ஒட்டினால் கடைசி வரிகள் புதைந்து போகும். மாண்டவன் பெயர் பெரும்பாலும் அந்தக் கடைசி வரிகளில்தான் இருக்கும்.

நிலத்துக்காரர்கள் கல்லைப் பற்றிச் சொல்லத் தயங்குவதற்குப் பெரும்பாலும் காரணம், அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளும் என்ற பயம். ஒரு கல்லைப் பதிவு செய்வது வேறு, அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிப்பது வேறு. அறிவிப்புக்கு அரசு முன்கூட்டியே அறிக்கை வெளியிட்டு, ஆட்சேபம் சொல்லக் கால அவகாசம் கொடுக்க வேண்டும். 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்கிற விதி மத்திய அரசு அறிவித்த தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களுக்கானது. கொல்லையில் நிற்கிற ஒரு நடுகல்லைப் படம் எடுத்து அனுப்பியதால் அந்த விதி வந்து உட்காராது. மண்ணைத் தோண்டும்போது மறைந்திருந்த மதிப்புள்ள பொருள் ஏதாவது கிடைத்தால் மட்டும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது கட்டாயம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் அதைச் சொல்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு, 1976-இல் சேர்க்கப்பட்டது, குடிமகனின் அடிப்படைக் கடமைகளைப் பட்டியலிடுகிறது. அதில் (டி) நாட்டைக் காப்பதையும் அழைப்பு வரும்போது தொண்டாற்றுவதையும் சொல்கிறது. இரண்டு வரி தள்ளி (எஃப்) நம் பண்பாட்டு மரபை மதித்துப் பேணுவதைச் சொல்கிறது. மந்தைக்குப் பின்னால் ஓடியவன் முதலாவதை நிறைவேற்றினான். இரண்டாவதை நிறைவேற்ற இன்று ஊருக்குக் கையிலிருக்கிற வலுவான கருவி கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளில் ஏதாவது ஒன்றில் தீர்மானம் கொண்டுவரலாம்.

தீர்மானத்தில் நான்கு செய்தி தெளிவாக இருந்தால் அது கோப்பில் தூங்காது. கல் நிற்கும் சர்வே எண். அது புறம்போக்கா பட்டாவா. ஊர் கேட்பது என்ன, அதாவது படித்துத் தருவதா, வேலியா, சாலைப் பணியில் இடம் மாற்றாமல் காப்பதா. ஊர் தன் செலவில் செய்ய ஒப்புவது என்ன. தீர்மான நகலோடு முன்புறம், பின்புறம், இரண்டு பக்கம், தூரத்திலிருந்து ஒன்று என்று ஐந்து படமும், சாய்வொளிப் படங்களும், அளவுக் குறிப்பும் சேர்த்து மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். ஒரு நகல் அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியருக்குப் போகட்டும், இன்னொன்று கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கட்டும். சாலைப் பணிக்கு அளவுக்கல் நட்டுவிட்டால் தபாலுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே வட்டாட்சியரைப் போய்ப் பார்த்து மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். ஊர் பெரியவர்கள் இரண்டு பேர் உடன் போவது நல்லது.